கடல் நிலமானால் என் பங்கு

உக்காரும்மா, உக்காரு. அந்தப் பைய நான் கீழ தள்ளிக்கிடுதேன். காலு இடிக்கா? அதுல பெருசா ஒண்ணும் இல்ல, மூணு சேலை. போன கையோட திரும்புதவளுக்கு மூணு சேலை எதுக்குன்னு எங்க வீட்டுக்காரரும் கேட்டாரு. எதுக்கும் இருக்கட்டுமேன்னு வச்சேன்.

மடியில இருக்கது பூக்கூடை. அது மேல மட்டும் சாஞ்சிராத. நானே உக்காந்து கட்டினது, பிச்சியும் மருக்கொழுந்தும். கடைப் பூவுன்னா மத்தியானத்துக்குள்ள தொங்கிரும். என் தம்பி மகளுக்கு இன்னைக்கு நிச்சயம். எங்க ஊருல நிச்சயத்தன்னைக்குப் பிள்ளைக்கு முதல் பூ வைக்கது அத்தைதான், அப்பாகூடப் பிறந்தவ. அவ வச்ச பிறகுதான் மத்தவங்க. அதுக்குன்னு நான் போறேன்னு நினைச்சிராத. பூவக் குடுத்துட்டு, வாசல்லயே நின்னு ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துருவேன். வைக்கதுக்கு ஆளா இல்ல. யாராவது வைக்கட்டும்.

கழுத்துல என்ன அட்டை தொங்குது? கிட்டத்துல இருக்கது எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது. எட்டத்ததுன்னா நல்லாத் தெரியும். என்னது, நில அளவையா? நீ சர்வேயரா? பாத்தா பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி இருக்க. மாதாவே, ஒரு சர்வேயரத்தாம்மா நான் மாசி மாசத்துல இருந்து தேடிக்கிட்டு இருக்கேன். தாலுகா ஆபீசுல போயிக் கேட்டா கோட்டிக்காரி, பைத்தியம்னு வெளிய பிடிச்சு விட்டுருவான். நீ பஸ்ல வசமா மாட்டிக்கிட்ட. ஒரே ஒரு நியாயம் சொல்லிட்டு இறங்கிப் போ.

இடம் எங்க இருக்குன்னா கேக்க? இடம் இப்போதைக்குத் தண்ணிக்குள்ள இருக்கு. குளத்துத் தண்ணி இல்லம்மா. கடலு.

சிரிக்காத. முழுசாக் கேட்டுட்டுச் சிரி.

எங்க ஊரு புன்னைத்துறை. இந்தப் பஸ்ஸு போற வழியில உப்பளம் தாண்டி வரும். என் பேரு ஞானசீலி. கட்டிக் குடுத்தது பாளையங்கோட்டையில. வீட்டுக்காரரு கஸ்பார், தையக்காரரு. நல்ல மனுசன்தான், ஆனா தண்ணின்னா பயம். வாளியில மோந்து குளிக்கும்போதுகூட கதவத் திறந்து வச்சுக்கிடுவாரு. தம்பி பேரு தஸ்நேவிஸ். அவன் ஊருலதான் இருக்கான், அப்பா வீட்டுல, அப்பா தொழிலு. அப்பா பேரு சூசை. கடலுக்குள்ள எங்க ஊருக்கு நேரா ஒரு பார் இருக்கு. பார்னா உனக்குத் தெரியாதுல்லா, கடலுக்கு அடியில மேடா கல்லு, அங்கதான் மீனு வந்து அடையும். அத முதல்ல கண்டது எங்கப்பா. இன்னைக்கும் ஊருல அதுக்குப் பேரு சூசைப் பார்தான். நிலத்துல பேரு வாங்க ஆயிரம் பேரு இருக்காங்க. கடலுக்குள்ள பேரு வச்சிட்டுப் போனவரு எங்கப்பா.

மாசி மாசம் அவருக்கு நினைவுப் பூசை. கோயில்ல பூசை முடிஞ்சு எல்லாரும் தம்பி வீட்டுல சாப்பிட உக்காந்தோம். வீடு இப்ப நல்லா இருக்கு. பழைய ஓட்டுக் கூரையத் தூக்கிட்டு மாடி எடுத்து மூணு ரூம் போட்டிருக்கான். அப்பா போன பிறகு நான்தான் என் பங்க விட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். போடுன்னான், போட்டேன். ஒரு வார்த்தை கேக்கல. அதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. போனா நடுக்கூடத்துல பாய விரிச்சுப் படுத்துக்கிடுவேன், காத்தாத்தான் இருக்கும். அத எதுக்குச் சொன்னேன்னா, வீட்டுக்குச் சண்ட போடுதவன்னு நீ என்னைத் தப்பா நினைச்சிரக்கூடாதுன்னு.

சாப்பிடும்போது தம்பி மக ஜெனோபாதான் அந்தப் பேச்ச எடுத்தா. அவ பள்ளிக்கூடத்துல பூகோள டீச்சர். இன்னைக்கு நிச்சயம் அவளுக்குத்தான். பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் புதுசா ஒண்ணு செய்யப் போறாளாம். இந்த உலகத்துல கடலெல்லாம் நிலமாகி, நிலமெல்லாம் கடலாயிட்டா எப்படி இருக்கும்னு களிமண்ணுல செஞ்சு காட்டப் போறாளாம். உயரமெல்லாம் ஆழமாயிருமாம், ஆழமெல்லாம் உயரமாயிருமாம். பொதிகை மலை இருக்க இடத்துல கிடுகிடுன்னு ஆழக்கடலு. நடுக்கடலெல்லாம் மலை. "நம்ம ஊரு என்னாகும்"னு சின்னவன் கேட்டான், தம்பிக்கு இளைய மகன். நம்ம ஊரு கடலோரம்லா, அதனால ரொம்ப முங்காதாம். ஆளு உயரத் தண்ணிதானாம். கோயில் கோபுரம் வெளிய தெரியுமாம். "அப்ப பாளையங்கோட்டை"ன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு. "அது நல்ல ஆழம் மாமா"ன்னா. மனுசன் கையில எடுத்த சோத்த அப்படியே இலையில வச்சிட்டாரு.

ஒரே சிரிப்பாணி. நானும்தான் சிரிச்சேன்.

அதோட விட்டிருந்தா நல்ல மத்தியானம். தம்பி விட்டானா? "அப்ப நம்ம சூசைப் பார் நிலமாயிரும்லா"ன்னான். ஆயிரும்பான்னு இவ சொல்லிட்டா. அந்தால அவன் முகத்தப் பாக்கணுமே. முழங்கைய மடிச்சு ஊனி உக்காந்துட்டான். வாழ்க்கையில ஒரு சென்ட் நிலம் பாத்து வாங்கினது இல்ல. இருக்க வீடும் அப்பா கட்டினது. இப்ப திடீர்னு பண்ணையாராயிட்டான். பார் நம்ம அப்பா கண்டது, அதனால பாரும் அதச் சுத்தி கண்ணுக்கு எட்டுன தூரமும் நமக்குத்தான்னு ஆரம்பிச்சான். தண்ணிக்குள்ள கிடக்க எருமைக்கு வெலை பேசுதது கேள்விப்பட்டிருக்கேன். தண்ணியவே எடுத்து வச்சுட்டு நிலத்துக்கு வெலை பேசுதத அன்னைக்குத்தான் பாத்தேன்.

ஜெனோபா அங்கன ஒரு குண்டத் தூக்கிப் போட்டா. "அப்பா, பார் இப்ப மேடால்லா இருக்கு, மாறினா அது பள்ளம்லா ஆகும்"ன்னா. அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு மாதிரித்தான் ஆச்சு. அப்பா கண்ட பார் போயும் போயும் ஒரு பள்ளமான்னு. ஆனா அவளே அடுத்ததும் சொன்னா. இப்ப உலகத்துல முக்காப் பங்கு கடலு, காப் பங்கு நிலம். மாறிட்டா முக்காப் பங்கு நிலம், காப் பங்குதான் கடலு. கடலு சின்னதாயிட்டா மழை குறைஞ்சிரும். உள்ளுக்குள்ள இருக்க நிலமெல்லாம் காஞ்சு கிடக்கும். தண்ணிக்குத் திண்டாட்டம்தான்னா. தம்பி எந்திச்சு நின்னுட்டான், எச்சிக் கையோட. "அப்ப நம்ம பள்ளத்துல மழைத்தண்ணி நிக்கும். அது குளம். ஊரே குடத்தத் தூக்கிக்கிட்டு நம்ம கிட்டத்தான் வரணும்"னான்.

பாரு, என்ன மூளை. இந்த மூளை பத்தாங் கிளாஸுல எங்க போச்சுன்னு தெரியல.

அந்தால பங்கு பிரிக்க உக்காந்துட்டான். பாயாசக் கிண்ணம்தான் குளம். அப்பளத்த ஒடிச்சு ஒடிச்சுச் சுத்தி வைக்கான். கிழக்க பெரியவனுக்கு, மேக்க சின்னவனுக்கு. ஜெனோபாவுக்குக் கரையோரமா ஒரு பள்ளிக்கூடம். கோயிலுக்குன்னு ஒரு முழு அப்பளம், அதுல சாமியார் வீடும் சேத்தி. ஐஸ் கம்பெனிக்காரன் வருத்தப்படுவான்னு அவனுக்கு ஒரு துண்டு. நிலத்துல ஐஸ் கம்பெனி எதுக்குன்னு ஒருத்தனும் கேக்கல. எங்க வீட்டுக்காரருக்குத் தையக்கடை போட ஒரு துண்டு, அதுவும் வாடகைக்கு. அவரு என்னடான்னா, "மேக்க பாத்த கடை வேண்டாம் மச்சான், வெயிலு அடிக்கும்"ன்னு அதுல குறை சொல்லுதாரு. வாசல்ல கிடந்த நாய்க்குக்கூட, "அது காவலுக்கு இருக்கட்டும்"ன்னு ஒரு ஓரத்துல ஒரு துணுக்கு வச்சான்.

நான் பாத்துக்கிட்டே இருக்கேன். அப்பளம் தீந்து போச்சு.

"எனக்கு எங்கலே"ன்னு கேட்டேன். விளையாட்டாத்தான் கேட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன்.

அவன் ஏறிட்டுக்கூடப் பாக்கல. "உனக்கு எதுக்குக்கா. நீ கெட்டிக் குடுத்த இடத்துக்குப் போனவ. அத்தான் ஊரு கடலாயிரும்லா, உனக்கு ஒரு வள்ளம் வாங்கித் தாரேன். நீயும் அத்தானும் மீனு பிடிச்சுப் பொழைங்க"ன்னான்.

எல்லாரும் சிரிச்சாங்க. எங்க வீட்டுக்காரருதான் அதிகமாச் சிரிச்சாரு. வள்ளத்துல ஏறினா அந்த மனுசன் வாந்தி எடுத்தே குடல வெளிய தள்ளிருவாரு, அதுகூட நினைப்பு இல்ல.

நான் கோவப்படலம்மா. கைய கழுவினேன். பைய எடுத்தேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டேன். பாயாசம் குடிக்கல. அவ்வளவுதான் நடந்தது. அதுக்குப் போயி, அக்கா சாப்பாட்டுல பாதியில எந்திச்சுப் போயிட்டா, ஆங்காரம் பிடிச்சவன்னு ஊரெல்லாம் பேச்சு. நான் ஆங்காரம் பிடிச்சவளா? பேசிப் பாத்ததுல உனக்கு அப்படித் தெரியுதா?

அன்னைல இருந்து நான் அவன்கிட்டப் பேசல. அவன் போன் பண்ணுவான், எடுக்க மாட்டேன். ஈஸ்டருக்கு ஊருக்குப் போகல. வாராவாரம் இந்த பஸ்லதான் கண்டக்டர்கிட்ட மீனு குடுத்து விடுவான். ஐஸ் போட்டு, வாழ இலை சுத்தி. அதத் திருப்பி அனுப்பலாம்னுதான் இருந்தேன். ஆனா மீனு என்ன பாவம் பண்ணிச்சு? வாங்கிக் குழம்பு வைப்பேன். வந்துட்டுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவனுக்கு அதுதான் தண்டனை.

"இல்லாத நிலத்துக்கு எதுக்குச் சீலி சண்ட"ன்னு எங்க வீட்டுக்காரரு கேக்காரு. அந்த மனுசனுக்கு எத்தனை வாட்டிச் சொன்னாலும் மண்டையில ஏறாது. இருக்க நிலத்துல பங்கு குடுக்கலன்னா அவனுக்கும் பிள்ளைங்க இருக்கு, விலைவாசி இருக்கு, போகட்டும்னு விடலாம். விட்டேம்லா. இது கற்பனைதானே. காசா பணமா, கல்லா மண்ணா? அவன் கையில இருந்து ஒரு பைசா போகுமா? வாயால ஒரு துண்டு எனக்குன்னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? முக்காப் பங்கு உலகம் நிலமாயிட்டு, அதுல ஐஸ் கம்பெனிக்காரனுக்கு இடம் இருக்கு, நாய்க்கு இடம் இருக்கு, கூடப் பிறந்தவளுக்கு இல்ல. எனக்கு வலிச்சுதும்மா. மறைக்கதுக்கு என்ன இருக்கு, நல்லா வலிச்சுது.

அதுவும் அந்தப் பார்ல. அதுல எனக்கு இல்லாத பாத்தியதை அவனுக்கு எங்க இருந்து வந்துச்சு? அதத்தான் உங்கிட்ட கேக்கணும். நீ படிச்சவ, அளக்கத் தெரிஞ்சவ, நடு நின்னு சொல்லு.

கடலுக்குள்ள ஒரு இடத்த எப்படிக் கண்டுபிடிப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா? அங்க உன்னோட கல்லு கிடையாது, வேலி கிடையாது. கரையப் பாத்து ரெண்டு அடையாளத்த ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு நேர் வைப்பாங்க. இந்தப் பக்கம் ஒரு ஜோடி, அந்தப் பக்கம் ஒரு ஜோடி. ரெண்டு ஜோடியும் நேரா வந்து நின்னா கீழ பார் இருக்குன்னு அர்த்தம். சூசைப் பாருக்கு ஒரு பக்கம் ஒத்தப் பனையும் உப்பு மூட்டை அடுக்குத கிட்டங்கிக் கூரையும். மத்தப் பக்கம் கோயில் சிலுவையும் எங்க வீட்டுப் பின்சுவரும். கடலப் பாத்த சுவரு. அந்தச் சுவரோட வலது ஓரத்து மேல சிலுவை வந்து உக்காரணும்.

இதெல்லாம் வெளிய சொல்லப்படாது. அப்பன் மகனுக்குத்தான் சொல்லுவான், மருமகனுக்குக்கூடச் சொல்ல மாட்டான். பொம்பளைகளுக்கு எதுக்குச் சொல்லப் போறாங்க. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கியா? அந்தச் சுவருக்கு வெள்ளை அடிச்சது யாருன்னு நினைக்க?

அம்மாவுக்கு மூச்சு இழுப்பு, சுண்ணாம்பு ஆகாது. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து கெட்டிக் குடுக்கது வரைக்கும் வருசம் தவறாம நான்தான் அடிச்சேன். கிளிஞ்சல் சுண்ணாம்ப நீத்து, வடிகட்டி, ஒரு கை அடிச்சு, காய விட்டு, மறுகை அடிக்கணும். அப்பத்தான் கடலுக்குள்ள இருந்து பாத்தா பளிச்சுன்னு தெரியும். உள்ளங்கையெல்லாம் வெந்து போகும். இவன் என்ன செஞ்சான் தெரியுமா? வாளிய பிடிடான்னா, சுண்ணாம்புக்குள்ள பல்லி விழுந்துட்டுன்னு சொல்லி அழுதுக்கிட்டு ஓடுவான். இன்னைக்குச் சொந்த வள்ளம் வச்சு, ஆளு வச்சுத் தொழில் பண்ணுத பெரிய சம்மாட்டி.

ஒரு வருசம் ஐப்பசி மழை விடாமப் பிடிச்சுது. அடிச்ச சுவரெல்லாம் கரைஞ்சு பாசி பிடிச்சுப் போச்சு. அப்பா கடலுக்குப் போயிப் பாரக் காண முடியாம அலைஞ்சு அலைஞ்சு, வெறும் வலையோட வந்தாரு. திட்டல. திட்டத் தெரியாது அவருக்கு. முத்தத்துல உக்காந்து, "நீ அடிக்கலன்னா நான் எங்கம்மா போவேன்"ன்னு மட்டும் சொன்னாரு. மழை வெறிச்ச உடனே அன்னைக்கே ஈரச் சுவத்துல அடிச்சேன்.

இப்பச் சொல்லு. பார் கண்டது அப்பா, சரி. ஒவ்வொரு நாளும் அதத் திரும்பக் கண்டது எதால? என் சுவத்தால. அப்ப அந்தக் குளத்துல எனக்குப் பாதி உண்டா இல்லையா? நான் பேராசை பிடிச்சவ இல்ல. பாதி போதும்.

என்ன முழிக்க? உங்க சட்டத்துல அதுக்கு என்னன்னு இருக்கு? பட்டா இல்லாத நிலம்னா என்னது? புறம்போக்கா? நல்லா இருக்கே. எங்கப்பா பாரு புறம்போக்கா? கவர்மெண்டு வந்து என்ன வெள்ளை அடிச்சுது? இந்தப் பேச்ச உங்க ஆபீசுல வச்சுக்கோ, புன்னைத்துறையில வந்து சொல்லிராத.

சரி சரி, நீ சின்னப் பிள்ள. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல.

இப்ப அவன்கிட்ட ஒரு டப்பா இருக்கு. பொத்தான அமுக்கினா பார் எங்க இருக்குன்னு அதுவே காட்டிரும், சிலுவையும் வேண்டாம் சுவரும் வேண்டாம். நல்லதுதான். நான் குறை சொல்லல. ஆனா பூசைக்குப் போனன்னைக்குப் பின்னால கை கழுவப் போனேம்லா, அப்பப் பாத்தேன். சுவரு பூராவும் பாசி. கருகருன்னு கிடக்கு. "என்னலே இப்படிப் போட்டு வச்சிருக்க"ன்னு கேட்டேன். "அதப் பாக்கதுக்குக் கடல்ல எவன்க்கா இருக்கான்"ன்னு கேட்டான். அது சாப்பாட்டுக்கு முன்னால. அதையும் அப்பளத்தையும் நான் முடிச்சுப் போடல. எங்க வீட்டுக்காரருதான் போடுதாரு. "உனக்கு அந்தச் சுவத்தப் பாத்ததுல இருந்தே மூஞ்சி சரியில்ல"ங்காரு. அவரு இலையில இருந்த கறியத் தவிர வேற எதையும் அன்னைக்குப் பாத்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

நிச்சயம்னு தெரிஞ்சதும் ஜெனோபா வீட்டுக்கே வந்துட்டா, என்னை அழைக்க. "அத்த, உங்களுக்கு நாலு சென்ட் தரச் சொல்லி அப்பாகிட்டச் சொல்லிட்டேன்"ன்னா, சிரிச்சுக்கிட்டு. "போடி, நாலு சென்ட்ல நான் என்ன கோழி வளக்கவா, பாதி குடுக்கச் சொல்லு"ன்னேன். "பாதி ரொம்ப அதிகம்னு அப்பா சொல்லுவாங்களே"ன்னா. அப்ப பாரு, அவன் இன்னும் அந்த நிலத்த மனசுல வச்சு ஆண்டுக்கிட்டுத்தான் இருக்கான். என்னைக் கோட்டிக்காரின்னு சொல்லுதாங்கள்லா, அவன் மட்டும் என்னவாம்?

நான் வர மாட்டேன்னுதான் சொல்லி அனுப்பினேன். சரி அத்தன்னு கிளம்பிட்டா. படி இறங்கும்போது மட்டும், "அப்ப எனக்கு யாரு அத்த பூ வைப்பா"ன்னு கேட்டா. கேட்டுட்டு நிக்காமப் போயிட்டா. அவ பிறந்தப்ப முதல்ல கையில வாங்கினது நான். சரி, பூவையாவது கட்டிக் குடுத்துருவோம்னுதான் இந்தப் பயணம். வேற ஒண்ணும் இல்ல. அவனோட பேசப் போறதா நீ நினைச்சா அது தப்பு. மூணு சேலையில ஒண்ணு பட்டுச்சேலையா இருக்கேன்னு கேக்காத. கூட்டத்துக்கு நடுவுல நின்னு பூவைக் குடுக்கணும்லா, பழசக் கெட்டிக்கிட்டா நிக்க முடியும்?

உப்பளம் வந்துட்டா? வந்துட்டு. இந்த வளைவு திரும்புததுக்கு முன்ன கடல் தெரியும், அப்புறம் எங்க ஊரு. நீ ஜன்னலோரம் இருக்க, ஒரு உபகாரம் பண்ணு. ஸ்டாப்பு வரும்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒரு நெட்ட ஆளு நிக்கானான்னு பாத்துச் சொல்லு. நீயா பாக்க மாதிரிப் பாரு, நான் பாக்கச் சொன்னதாத் தெரியப்படாது. நிக்க மாட்டான். நிச்சய வீட்டுல அவனுக்கு ஆயிரம் சோலி இருக்கும். நான் வாரது வேற அவனுக்குத் தெரியாது, எங்க வீட்டுக்காரரு வாயத் திறக்காம இருந்திருந்தா.

அது என்னது?

அங்க. கோயிலுக்கு இந்தப் பக்கம், கடல் ஓரமா. வெள்ளையா ஒண்ணு தெரியுதே. மேல சிலுவை வருதே. தலைய கொஞ்சம் சாச்சுக்கோம்மா, மறைக்குது.

எங்க வீட்டுச் சுவருதான்.

நிச்சயத்துக்குன்னு அடிச்சிருப்பாருன்னா சொல்லுத? இரு, பஸ் திரும்பட்டும். பாத்தியா, முன்பக்கம். அதே பழைய பச்சை, உதிந்து போயி அப்படியே கிடக்கு. நிச்சயத்துக்குன்னா முன்பக்கம்லா அடிப்பாங்க? மாப்பிள்ள வீட்டுக்காரங்க வேன்ல வாராங்களா, வள்ளத்துல வாராங்களா? வாசல் பக்கத்த விட்டுட்டு கடலப் பாத்த சுவத்துக்கு எவனாவது வெள்ளை அடிப்பானா? அதப் பாக்கதுக்குக் கடல்ல எவன் இருக்கான்னு கேட்டவன்.

ஒண்ணும் இல்லம்மா. உப்பளத்துக் காத்து, கண்ணுல பட்டா இப்படித்தான் கரிக்கும்.

நிக்கானா? நிக்கான். எனக்கே தெரியுது. என் முகத்தப் பாக்காம பஸ் டயரப் பாத்துக்கிட்டு நிக்கான் பாரு, சின்ன வயசுல இருந்து அந்த முழிதான். தலையெல்லாம் வெள்ளை. நரையா சுண்ணாம்பான்னு தெரியல. சுண்ணாம்புதான். கையப் பாரு, வெந்து போயிருக்கு. ஆளு வச்சு அடிக்கப்படாதா? மக நிச்சயத்துக்கு இப்படியா வந்து நிப்பான்? குளிக்கச் சொல்ல அந்த வீட்டுல ஒரு நாதி இல்ல.

அடிச்சும் என்ன? வளைவுல வரும்போதே பாத்தேன், கீழ்மூலையில திட்டுத் திட்டா விட்டிருக்கான். ஒரு கை அடிச்சு, காயவிட்டு, மறுகை அடிக்கணும்னு எத்தனை வாட்டிச் சொல்லிக் குடுத்தேன். பல்லி விழுந்துட்டுன்னு ஓடினா எங்க இருந்து தெரியும். இந்தச் சுவத்த நம்பி எங்கப்பா கடலுக்குப் போயிருந்தா, பாருக்குப் போகாம இலங்கைக்குப் போயிருப்பாரு.

கண்டக்டர் தம்பி, புன்னைத்துறை இருக்கு, நிப்பாட்டச் சொல்லுங்க. அந்தப் பைய எடுத்துக் குடும்மா. கூடை என்கிட்டயே இருக்கட்டும், பூவ நான் யார்கிட்டயும் குடுக்க மாட்டேன். நீ சொன்ன புறம்போக்கெல்லாம் செல்லாது, குளத்துல பாதி பாதிதான், அதுல ஒரு சென்ட் விட்டுக் குடுக்க மாட்டேன். என்னைக்காவது கடலு நிலமாச்சுன்னா நீயே வந்து அளந்து கல்லப் போட்டுக் குடு.

மூணு சேலை பத்தாது போலருக்கே. நாளைக்கு அந்தச் சுவத்துக்கு மறுகை அடிக்கணும், பழைய சேலை ஒண்ணு எடுத்து வச்சிருக்கணும்.